பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது, மோட்டார் மட்டும் அசையவில்லை

கேள்வி – பிப்ரவரி 3

"என்னுடையது படகின் பின்னால் மாட்டும், 30 ஆண்டுப் பழைய, மூன்று சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார். பேட்டரி புதியது. மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டுகிறது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி, ஃபிளைவீல் அசைவதில்லை. ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சோலினாய்டை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. எல்லா ஒயர்களையும் மீட்டரின் 'பீப்' சோதனையில் வைத்தேன், எல்லாமே பீப் என்கின்றன. எல்லா இடத்துக்கும் 12.6 வருகிறது. ஆகவே ஸ்டார்ட்டர்தான் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். புதிது வாங்குவதற்கு முன் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?"

பிப்ரவரி 3, இரவு

வாங்காதீர்கள்.

இதே முடிவுக்கு வந்து, இதே ஸ்டார்ட்டரை வாங்கியவன் நான். பழைய ஸ்டார்ட்டர் இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஒரு குறையும் இல்லாத ஸ்டார்ட்டர். அதற்கு முன்பு ஒரு சோலினாய்டு, அதற்கும் முன்பு ஒரு பேட்டரி. மூன்றையும் மாற்றிய பிறகும் மோட்டார் அதே 'டிக்'தான் சொன்னது.

நீங்கள் 12.6 என்று படித்தது சாவியைத் திருப்பாமல் இருக்கும்போது. சும்மா இருக்கும் ஒயரில் எதுவும் தெரியாது. மீட்டரின் ஒரு முனை பேட்டரியிலும் மறுமுனை சோதிக்கும் இடத்திலும் இருக்க, வேறொருவர் சாவியைத் திருப்ப வேண்டும். அந்த இரண்டு மூன்று விநாடிகளில் மீட்டர் என்ன சொல்கிறது என்பதுதான் செய்தி.

'டிக்' ஒரே ஒரு முறைதான் என்றால் என் சந்தேகம் சிவப்புக் கேபிள் பக்கம், அல்லது புது சோலினாய்டின் உள் தொடுமுனைகள். நாளை விரிவாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 4

விரிவு இதோ. கொஞ்சம் கணக்கு உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவு மோட்டாரின் ஸ்டார்ட்டர் சுழலும்போது 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கேபிளில் எங்கோ ஓரிடத்தில் 0.02 ஓம் மின்தடை கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ஆம்பியர் அதன் வழியே போனால் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். உங்கள் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தாலே 0.2, 0.3 ஓம் என்று காட்டும். 0.02 ஓம் அதன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

'பீப்' சோதனை இன்னும் மோசம். நூறு இழை கொண்ட கேபிளில் தொண்ணூற்றொன்பது இழை அரித்துப் போயிருந்தாலும், மிச்சமிருக்கும் ஒற்றை இழை பீப் என்னும். நான் பேட்டரி கேபிளை பீப் சோதனையில் வைத்து "அருமை" என்று சொல்லி அடுத்ததற்குப் போன நாளை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

வோல்ட் பார்த்தால் தெரிந்துவிடாதா என்றால், அதுவும் இல்லை. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை சுமார் 10 மெகா ஓம். நடுவில் ஆயிரம் ஓம் அழுக்கு இருந்தாலும் அது 12.6 என்றுதான் காட்டும், ஏனென்றால் மீட்டர் மின்னோட்டம் என்று சொல்லும்படி எதையும் கேட்பதே இல்லை. கேட்காதவருக்கு எல்லாரும் நல்லவர்.

ஆகவே செய்ய வேண்டியது இது. மீட்டரை வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையை பேட்டரியின் நேர்முனையில் வையுங்கள். கிளாம்பில் அல்ல, ஈயத் தண்டின் மீதே. மறுமுனையை ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டில் வையுங்கள். சாவியைத் திருப்புங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சிவப்புப் பக்கம் சரி. பிறகு பேட்டரியின் எதிர்முனைத் தண்டுக்கும், வண்ணம் சுரண்டிய என்ஜின் உலோகத்துக்கும் இடையே அதையே செய்யுங்கள். இங்கே இன்னும் குறைவாக இருக்க வேண்டும், 0.3 போதும். சாவி திரும்பியிருக்கும்போது பேட்டரியின் இரு தண்டுகளுக்கும் இடையே என்ன வருகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியே சந்தேகம். 12.4ல் அசையாமல் நின்றால் பேட்டரியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்று பொருள். வழியில் எங்கோ அடைப்பு.

பிப்ரவரி 4, மாலை

முதலில் எழுதியிருக்க வேண்டியது, மறந்துவிட்டேன். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். முடிந்தால் புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் தொட்டியின் மூடி, குழாய் இணைப்பு எல்லாம் பார்த்து, காற்றோட்டம் விட்டு, வாடை போன பிறகுதான் பேட்டரி முனையைத் தொட வேண்டும். ஸ்பார்க் பிளக் தொப்பிகளைக் கழற்றினால் அப்படியே தொங்கவிடாமல் ஒவ்வொன்றையும் என்ஜின் உலோகத்தோடு இணைத்து வையுங்கள். வெளியேற வழியில்லாத உயர் மின்னழுத்தம் இக்னிஷன் காயிலையும் பவர் பேக்கையும் (ஸ்பார்க்குக்கான மின்சாரத்தைச் சேர்த்து அனுப்பும் பெட்டி) உள்ளிருந்தே கெடுக்கும். உங்கள் கையையும் கண்டுபிடிக்கும். எனக்கு ஒரு முறை முழங்கை வரை ஏறியது. அன்று பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

பிப்ரவரி 6

கேட்டவர் சோதனை செய்துவிட்டு எழுதியிருக்கிறார். மீட்டரில் எண்கள் நிற்கவே இல்லையாம், 2, 9, 0, 11 என்று தாவுகின்றனவாம். காரணம் அடுத்த வரியில் இருக்கிறது: சத்தம் ஒரு 'டிக்' அல்லவாம். சாவியைப் பிடித்துக்கொண்டே இருந்தால் 'டிக்டிக்டிக்டிக்' என்று தையல் இயந்திரம்போல ஓடுகிறதாம்.

ஐயா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் சிவப்புப் பக்கம் என்று நான் உளறியிருக்க மாட்டேன்.

ஒற்றை டிக் என்றால் சோலினாய்டு பிடித்து நிற்கிறது, அதற்குப் பிறகு ஏதோ தடை. தொடர் டிக் என்றால் சோலினாய்டு பிடிக்கிறது, ஸ்டார்ட்டர் மின்னோட்டத்தை இழுக்கப் பார்க்கிறது, உடனே எல்லா வோல்ட்டும் சரிந்து சோலினாய்டே கைவிட்டுவிடுகிறது, கைவிட்டதும் வோல்ட் திரும்பி வருகிறது, மறுபடி பிடிக்கிறது. அப்படியானால் ஸ்டார்ட்டரும் சோலினாய்டும் பொதுவாகப் பயன்படுத்தும் ஏதோ ஒன்று பலவீனம். பொதுவானவை மூன்றுதான்: பேட்டரி, பேட்டரியிலிருந்து சோலினாய்டு வரை வரும் சிவப்புக் கேபிள், பேட்டரியின் எதிர்முனையை என்ஜின் உலோகத்தோடு இணைக்கும் எர்த் கேபிள். பேட்டரி புதிது என்கிறார். புதிது என்பதால் நல்லது என்று ஆகாது, ஆனால் இப்போதைக்கு நம்புவோம்.

தாவும் எண்களைப் படிக்க டிஜிட்டல் மீட்டர் உதவாது. விளக்கு உதவும். கார் முகப்பு விளக்கின் 55 வாட் பல்பு ஒன்று, இரண்டு நீள ஒயர், இரண்டு முதலை கிளிப். என் கருவிப்பெட்டியில் மீட்டரைவிட அதிகம் தேய்ந்தது அதுதான். ஒரு கிளிப்பை பேட்டரியின் எதிர்முனைத் தண்டில், மற்றதை என்ஜின் உலோகத்தில் மாட்டுங்கள். சாவியைத் திருப்புங்கள். எர்த் கேபிள் நல்லது என்றால் பல்பு எரியக் கூடாது. டிக்டிக்கோடு தாளம் தப்பாமல் மினுக்கினால் குற்றவாளி கிடைத்துவிட்டார்.

பிப்ரவரி 6, சற்று நேரம் கழித்து

இதே பல்பை வேறு விதமாகவும் பயன்படுத்தலாம். ஒரு ஒயரில் 12 வோல்ட் "வருகிறது" என்று மீட்டர் சொன்னால் நம்பாமல் அந்த ஒயரின் கடைசி முனையில் பல்பை மாட்டிப் பாருங்கள். 55 வாட் பல்பு 4.6 ஆம்பியர் கேட்கும். ஒரு ஓம் அழுக்கு இருந்தாலே ஒளி மங்குவது கண்ணுக்குத் தெரியும். மீட்டரைத் தூக்கிப் போடுங்கள் என்பதே என் கட்சி.

பிப்ரவரி 7, காலை

மேலே எழுதியதற்கு அவசரத் திருத்தம். இதைப் படிக்காமல் யாரும் படகுக்குப் போக வேண்டாம்.

பல்பை எல்லா ஒயரிலும் வைக்கக் கூடாது. விளக்குகள், ஸ்டார்ட்டர், பம்ப், சாவிக்கு வரும் 12 வோல்ட் ஒயர் ஆகியவற்றுக்குத்தான் அது. பவர் பேக்குக்குப் போகும் எந்த ஒயரிலும் பேட்டரியோடு இணைந்த பல்பு, ஜம்பர் ஒயர் எதுவும் வேண்டாம். குறிப்பாக என்ஜினை நிறுத்தும் ஒயர். அதற்குள் 12 வோல்ட் போனால் பவர் பேக் அந்த நொடியே செத்துப்போகும். புகை வராது, சத்தம் வராது. அடுத்த முறை ஸ்பார்க் வராது, அவ்வளவுதான்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், எனக்கு முந்தைய உரிமையாளர் செய்த புண்ணியம். சாவி ஸ்விட்ச் கெட்டுப்போனதும் அவர் கார் ஸ்விட்ச் ஒன்றை வாங்கிப் பொருத்தியிருக்கிறார். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் கார் ஸ்விட்ச் 'ஆன்' நிலையில் 12 வோல்ட்டை வெளியே அனுப்பும். 'ஆஃப்' நிலையில் அதைத் துண்டிக்கும். பழைய அவுட்போர்டின் நிறுத்தும் சுற்று நேர் எதிர்: ஆஃப் நிலையில் அந்த ஒயரை எர்த்தோடு சேர்க்க வேண்டும், ஆன் நிலையில் எதோடும் சேராமல் விட்டுவிட வேண்டும். படகுக்கான ஸ்விட்சின் பின்னால் 'எம்' என்று குறித்த இரண்டு முனைகள் இருப்பது இதற்காகத்தான். அவர் நிறுத்தும் ஒயரை கார் ஸ்விட்சின் இக்னிஷன் முனையில் மாட்டிவிட்டு, மோட்டார் ஏன் கிளம்பவில்லை என்று ஓராண்டு யோசித்து, அலுத்துப்போய் என்னிடம் விற்றார். "சின்ன ஒயரிங் வேலைதான்" என்றார்.

பிப்ரவரி 8

பல்பு மினுக்கியது! டிக்டிக்கோடு சேர்ந்து.

உறுதிப்படுத்த எளிய வழி: காருக்குக் காரில் மின்சாரம் கொடுக்கும் தடித்த ஜம்பர் கேபிளில் ஒன்றை எடுத்து, பேட்டரி எதிர்முனையிலிருந்து நேராக என்ஜின் உலோகத்துக்கு மாட்டுங்கள். பழைய எர்த் கேபிள் அப்படியே இருக்கட்டும். கடைசிப் பிடியை பேட்டரிப் பக்கம் அல்லாமல் என்ஜின் பக்கம் மாட்டுங்கள், பொறி பறந்தாலும் பேட்டரியின் வாயுவிலிருந்து தள்ளி இருக்கும்.

பிப்ரவரி 8, இரவு

சுற்றிவிட்டதாம். புது மோட்டார்போலச் சுற்றுகிறதாம். ஸ்டார்ட்டருக்காக எடுத்து வைத்த பணத்தில் ஒரு கேபிளும் லக்கும் (கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையம்) வாங்கினால் போதும்.

அவர் பழைய கேபிளை அறுத்துப் பார்த்தாராம். வெளியே கறுப்பு உறை பளபளப்பாக இருக்கிறது, லக் கூடச் சுத்தம். லக்கிலிருந்து ஒரு சாண் உள்ளே செம்பு கறுத்து, நடுவே பச்சைக் களிம்பு பூத்து, விரலால் நசுக்கினால் பொடியாக உதிர்ந்ததாம். உப்பு நீர் லக்கின் வாயில் நுழைந்துவிட்டால் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இழைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டே போகும். வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. வளைத்துப் பார்த்தால் சில சமயம் தெரியும்: நல்ல கேபிள் குழைவாக வளையும், அரித்த இடம் விறைப்பாக, கரகரவென்று இருக்கும்.

புதுக் கேபிள் வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்கட்டும். விலை கூடுதல்தான். லக்கை அழுத்திப் பிடித்த பிறகு, உட்புறம் பசை தடவிய சுருங்கு குழாயை மேலே போட்டுச் சூடாக்கி வாயை அடைத்துவிடுங்கள்.

பிப்ரவரி 9

கேபிள் தடிமன் பற்றிக் கேட்டிருக்கிறார். எடை சமமாக இருக்கட்டும் என்று பேட்டரியை முன்பக்கம் நகர்த்தினாராம், அதே தடிமனில் நீளமான கேபிள் போட்டாராம். அதுவும் ஒரு காரணம்தான். தூரத்தைப் போகவும் வரவும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பேட்டரி 5 மீட்டர் தள்ளி இருந்தால் மொத்தச் செம்பு 10 மீட்டர். 16 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 120 ஆம்பியர் போனால் 1.3 வோல்ட் போய்விடும். 25ல் 0.8. 35ல் 0.6. இது புத்தம் புதிய கேபிளுக்கு, லக்குகளின் தடையைச் சேர்க்காமல். பேட்டரியைப் பின்னால் கொண்டுவந்துவிட்டுத் தூண்டில் பெட்டியை முன்னால் வைத்தால் காசு மிச்சம்.

பிப்ரவரி 11

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. மோட்டார் சுற்றுகிறது, கிளம்பவில்லை. மூன்று பிளக்கிலும் ஸ்பார்க் இல்லை. "பேட்டரி இவ்வளவு வலுவாக இருக்கும்போது ஸ்பார்க் ஏன் வரவில்லை?" என்று கேட்கிறார்.

பேட்டரிக்கும் ஸ்பார்க்குக்கும் சம்பந்தமில்லை. உங்கள் மோட்டார் வகையில் இல்லை. ஃபிளைவீலின் உள்விளிம்பில் காந்தங்கள் ஒட்டியிருக்கின்றன. அவை சுற்றும்போது கீழே இருக்கும் சார்ஜ் காயிலில் சில நூறு வோல்ட் பிறக்கிறது. பவர் பேக்கில் இருக்கும் மின்தேக்கி அதைச் சேர்த்து வைக்கிறது. டிரிகர் காயில் "இப்போது" என்று சொன்னதும் மொத்தத்தையும் இக்னிஷன் காயிலுக்குள் கொட்டுகிறது. அது பல்லாயிரம் வோல்ட்டாகி பிளக்கில் பாய்கிறது. இதில் பேட்டரி எங்கே வருகிறது? சுற்றிவிடும் கூலியாள் வேலை மட்டும்தான். பேட்டரியே இல்லாமல் ஃபிளைவீலில் கயிறு சுற்றி இழுத்தாலும் கிளம்பும். (பேட்டரியிலிருந்து இக்னிஷன் எடுக்கும் மோட்டார்களும் உண்டு. அவற்றுக்கு இந்தப் பத்தி பொருந்தாது.)

ஒரு மறைமுகத் தொடர்பு மட்டும் உண்டு. நிமிடத்துக்கு 250, 300 சுற்றாவது வேண்டும், அதற்குக் கீழே போனால் காந்தம் மெதுவாகக் கடந்து, ஸ்பார்க் சோம்பும். உங்கள் மோட்டார் இப்போது நன்றாகச் சுற்றுவதால் அது காரணமல்ல.

மூன்று பிளக்கும் ஒரே நேரத்தில் போனால் மூன்று இக்னிஷன் காயிலும் ஒன்றாகச் சாகவில்லை. பொதுவான இடத்தைத் தேடுங்கள். முதல் சந்தேகம் நிறுத்தும் ஒயர். பவர் பேக்கில் அது நுழையும் இடத்தில் கறுப்பில் மஞ்சள் கோடு போட்ட ஒயர் இருக்கும். அதை மட்டும் கழற்றிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். ஸ்பார்க் வந்தால் பவர் பேக் நல்லது. சாவி, ஒயர் கற்றை, மணிக்கட்டில் மாட்டும் சுருள் கயிற்றின் ஸ்விட்ச் (ஓட்டுபவர் விழுந்தால் மோட்டாரை நிறுத்துவது) ஆகிய மூன்றில் ஒன்று குற்றவாளி.

ஸ்பார்க்கைப் பார்க்க இடைவெளி வைக்கும் கருவி வாங்குங்கள். 11 மில்லிமீட்டர் தாண்டி நீலமாகப் பாய வேண்டும். பிளக்கின் சிறிய இடைவெளியில் பாய்வதைப் பார்த்து மகிழ வேண்டாம், சிலிண்டரின் அழுத்தத்துக்குள் அது அணைந்துவிடும்.

இன்னொன்று, முக்கியம். அந்த ஒயரைக் கழற்றிய நிலையில் மோட்டார் கிளம்பிவிட்டால் சாவியால் நிறுத்த முடியாது! சோக்கை இழுத்து மூடியோ பெட்ரோல் குழாயைக் கழற்றியோதான் நிறுத்த வேண்டும். முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் யோசிக்கவில்லை. குழாயைக் கழற்றினேன், கார்புரேட்டரில் மிச்சமிருந்ததைக் குடித்து முடிக்கும் வரை அது என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடியது.

பிப்ரவரி 12

வண்ணம் பற்றி நேற்று எழுதியதை வேறொருவர் பிடித்துக்கொண்டார். அவருடையது யமஹா, கறுப்பு-மஞ்சள் ஒயரே இல்லையாம். அவர் சொல்வது சரி, தவறு என்னுடையது. ஜான்சன், எவின்ரூட், மெர்க்குரி மோட்டார்களை மனத்தில் வைத்து எழுதிவிட்டேன். யமஹாவில் நிறுத்தும் ஒயர் வெள்ளை, எர்த் கறுப்பு. அங்கே மஞ்சள் என்றால் சாவி ஆன் ஆனதும் 12 வோல்ட் வரும் ஒயர். ஜான்சன், எவின்ரூடில் அந்த வேலைக்கு ஊதா. அவற்றில் மஞ்சள் ஒயர் ஸ்டேட்டரிலிருந்து (ஃபிளைவீலின் அடியில் மின்சாரம் பிறக்கும் சுருள்கள்) ரெக்டிஃபயருக்குப் (பேட்டரி சார்ஜ் ஆக அதை நேர்மின்னோட்டமாக மாற்றும் டையோடுகள்) போகும் மாறுமின்னோட்டம். ஒன்றின் வரைபடத்தை வைத்துக்கொண்டு மற்றதைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வரைபடத்தையும் முழுதாக நம்பாதீர்கள். 30 ஆண்டில் எத்தனை கைகள் மாறியிருக்கும். என் மோட்டாரின் முந்தைய உரிமையாளருக்குச் சிவப்பு நிறம் மிகவும் பிடிக்கும். எர்த் உட்பட.

பிப்ரவரி 14

நிறுத்தும் ஒயரைக் கழற்றியதும் மூன்றிலும் ஸ்பார்க் வந்துவிட்டது. பவர் பேக் தப்பித்தது.

இப்போது நான் 6ஆம் தேதி எழுதிய "மீட்டரைத் தூக்கிப் போடுங்கள்" என்பதை விழுங்க வேண்டியிருக்கிறது. நிறுத்தும் சுற்றில் மீட்டர்தான் ராஜா. ஓம் அளவில் வையுங்கள். கழற்றிய அந்த ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே, சாவி ஆன், சுருள் கயிற்றின் கிளிப் மாட்டிய நிலையில் எல்லையற்ற தடை காட்ட வேண்டும். இங்கே நாம் தேடுவது 0.02 ஓம் அல்ல, இருக்கவே கூடாத ஒரு கசிவு. சில நூறு வோல்ட் ஓடும் சுற்றில் சில நூறு ஓம் கசிவு இருந்தாலே மின்தேக்கி நிரம்பாது. அந்தக் கசிவைப் பல்பால் காணவே முடியாது. ஆக, தடித்த ஒயரில் தடை தேட விளக்கு, மெல்லிய ஒயரில் கசிவு தேட மீட்டர்.

அளந்தவர் 400 ஓம் என்கிறார். எர்த்தோடு நேராகச் சேர்ந்திருந்தால் பூஜ்யம் வந்திருக்கும். 400 என்றால் ஈரம். உப்பு ஈரம். பந்தயம் கட்டுகிறேன்: சுருள் கயிற்று ஸ்விட்ச். அதை மட்டும் பிரித்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

பிப்ரவரி 15

பந்தயத்தில் தோற்றேன். சாவி ஸ்விட்ச். பின்புறம் முழுக்க உப்புப் பொருக்கு; 'எம்' முனைகள் இரண்டுக்கும் நடுவே வெள்ளைப் பாலம் கட்டியிருந்ததாம். துலக்கிக் காயவைத்ததும் எல்லையற்ற தடை. இருந்தாலும் புதிதாக ஒன்று போடுங்கள், படகுக்கானதாகப் பார்த்து. 7ஆம் தேதிக் குறிப்பை இன்னொரு முறை படியுங்கள்.

பிப்ரவரி 18

மோட்டார் ஓடுகிறது, ஆனால் சுற்றுமானி முள் பூஜ்யத்திலேயே படுத்திருக்கிறது, "அது பெரிய விஷயமில்லை, விட்டுவிடுகிறேன்" என்கிறார்.

விடாதீர்கள். இந்த மோட்டார்களில் சுற்றுமானிக்குச் செய்தி போவது சார்ஜ் ஆகும் சுற்றிலிருந்து. முள் படுத்தால் பெரும்பாலும் ரெக்டிஃபயர் போயிருக்கிறது என்று பொருள். ஸ்பார்க் தனிக் குடித்தனம் என்பதால் மோட்டார் அழகாக ஓடும், பேட்டரி மட்டும் நாளுக்கு நாள் வற்றும். நான் ஒரு மாதம் அப்படி ஓட்டினேன். அரையிருட்டில் பேட்டரி முனைகளை மாற்றி மாட்டினேன், ஒரு பொறி பறந்தது, உடனே சரியாக மாட்டிவிட்டு "யாரும் பார்க்கவில்லை" என்று இருந்துவிட்டேன். ரெக்டிஃபயர் பார்த்திருக்கிறது. டையோடுகளுக்கு அந்த ஒரு நொடி போதும். சுற்றுமானிதான் கெட்டது என்று நினைத்து அதையும் மாற்றினேன். (என் அலமாரியில் இப்போது நான்கு நல்ல பொருள்கள்.)

சோதனை எளிது. பேட்டரியைத் துண்டித்துவிட்டு ரெக்டிஃபயரின் ஒயர்களைக் கழற்றி, மீட்டரின் டையோடு அளவில் ஒரு திசையில் 0.4 முதல் 0.7 வரை காட்ட வேண்டும், முனைகளை மாற்றி வைத்தால் எதுவும் காட்டக் கூடாது. இரு திசையிலும் காட்டினாலும், இரு திசையிலும் காட்டாவிட்டாலும் போய்விட்டது. அதே கையோடு ஃபிளைவீலின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டேட்டரிலிருந்து பழுப்பு நிறப் பிசின் ஒழுகியிருந்தால் அது சூட்டில் உருகுகிறது. புது ரெக்டிஃபயர் போட்டாலும் நிலைக்காது.

ஓடும்போது பேட்டரியில் 14 முதல் 14.5 வரை வர வேண்டும். ரெகுலேட்டர் இல்லாத பழைய மோட்டார் என்றால் பேட்டரி நிரம்பியதும் 15ஐத் தாண்டும், அது குறையல்ல. ஆனால் அதற்கு நீர் ஊற்றும் பேட்டரிதான் பொருத்தம், மூடி அடைத்தது வறண்டு சாகும். ஓடும்போது எக்காரணம் கொண்டும் பேட்டரி முனையைக் கழற்றாதீர்கள். "சார்ஜ் ஆகிறதா என்று பார்க்கிறேன்" என்று கழற்றுபவர்கள்தான் ரெக்டிஃபயர் வியாபாரத்தை வாழவைக்கிறார்கள்.

பிப்ரவரி 19

லக்கை ஈயத்தால் பற்றவைப்பதா, கிரிம்ப் செய்வதா (அழுத்திப் பிடிக்கவைப்பதா) என்று கேள்வி. பல காலம் பற்றவைப்பவனாக இருந்தேன். ஈயம் இழைகளில் ஏறி நிற்கும் இடத்தில் ஒயர் கம்பிபோல விறைத்துவிடுகிறது. மோட்டாரின் அதிர்வில் சரியாக அந்த எல்லையில் ஒடிகிறது. இரண்டு முறை ஒடிந்த பிறகு கட்சி மாறினேன். வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி ஒயரும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

பிப்ரவரி 23

ரெக்டிஃபயர்தான். மாற்றிவிட்டார். 14.3 வோல்ட், முள் எழுந்துவிட்டது. நேற்று இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஓடியதாம்.

இவ்வளவு எழுதிய வேகத்தில் இன்று காலை என் படகுக்குப் போய், சும்மா ஒரு பெருமைக்காக, என் எர்த் கேபிளில் அதே சோதனையைச் செய்தேன். 0.7 வோல்ட். லக்கின் பக்கம் வளைத்தால் கரகரவென்கிறது. அது நான் பற்றவைத்த காலத்து லக்.